கைப்பையில் இருக்கும் மூன்றரை வட்டி

தமிழ்நாட்டில் வட்டிக்குப் பணம் வாங்கிய எவருக்கும், கொடுத்த எவருக்கும் ஓர் அளவுகோல் பழக்கமானது: நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய்? ஒரு வட்டி என்றால் தெரிந்த மனிதர் கொடுக்கும் கடன். இரண்டு வட்டி என்றால் ஊர் நடப்பு. மூன்று என்றால் வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து என்றால் அந்த வாசல் பக்கமே போகக் கூடாது. பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட இதை விரல் மடக்காமல் சொல்லிவிடுவார். ஆனால் அதே வீட்டில் பட்டம் பெற்று வேலைக்குப் போகும் பேரனிடம், அவன் கட்டிக்கொண்டிருக்கும் கடனுக்கு என்ன வட்டி என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் மாதத் தவணைத் தொகைதான். வட்டி என்ன என்பது அவனுக்குத் தெரியாது.

இதற்குப் பேரன்மேல் முழுப் பழியையும் போட முடியாது. வங்கி ஆண்டுச் சதவீதத்தில் பேசுகிறது. வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனம் ‘ஃபிளாட்’ என்கிறது. கைபேசிக் கடை வட்டியே இல்லை என்கிறது. கடன் செயலியோ ஒரு நாளைக்கு இவ்வளவு பைசாதான் என்கிறது. ஒவ்வொருவரும் தமக்கு வசதியான அளவையில் விலை சொல்லும்போது ஒன்றையொன்று ஒப்பிட முடியாமல் போகிறது. ஒப்பிட முடியாத இடத்தில் வாங்குபவர் தவணைத் தொகையை மட்டும் பார்க்கிறார். உறவினர்களும் நண்பர்களும் அவ்வப்போது தங்கள் கடன் தாள்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. நான் செய்வதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும் எண்களைப் பாட்டியின் அளவுகோலுக்கு, அதாவது மாதத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்பதற்கு, மாற்றிச் சொல்வதுதான். மாற்றிச் சொன்னதும் பலருடைய முகம் மாறிவிடும்.

கிரெடிட் கார்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதில்தான் அதிர்ச்சி மிகுதி. இந்தியாவில் பல வங்கிகளின் கார்டுகளுக்கு நிலுவைத் தொகைமீது மாதம் 3.5 சதவீதம் அல்லது அதையொட்டி வட்டி விதிக்கப்படுகிறது. ஊர்க் கணக்கில் இது மூன்றரை வட்டி. தெருக்கோடியில் இருக்கும் வட்டிக்காரர் மூன்றரை வட்டிக்குத் தருகிறேன் என்றால் வாங்கத் தயங்கும் குடும்பம், அதே வட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கூச்சமில்லாமல் நடமாடுகிறது. போதாக்குறைக்கு, பொதுவாகக் கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்றாலும் கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் 18 சதவீதம் உண்டு. அதையும் சேர்த்தால் மூன்றரை வட்டி நான்கு வட்டியைத் தாண்டிவிடுகிறது.

பில் தொகை முழுவதையும் உரிய தேதிக்குள் கட்டிவிடுபவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை; அவருக்கு அது சில வாரங்களுக்கு வட்டியில்லாமல் கிடைக்கும் பணம், கூடவே சில சலுகைகள். முழுவதையும் கட்டாதவருக்கு நடப்பது வேறு. 50,000 ரூபாய் நிலுவை வைத்திருக்கும் ஒருவர், பல காலம் வழக்கத்தில் இருந்த 5 சதவீதக் குறைந்தபட்சத் தொகையை, அதாவது 2,500 ரூபாயைக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாத வட்டி 1,750 ரூபாய். அதன் மீதான வரி 315 ரூபாய். ஆக 2,065 ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. கடனில் குறைவது 435 ரூபாய் மட்டுமே. பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று அச்சிடப்பட்டிருப்பதைக் கட்டியவர் தன் கடமையை முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். தாமதக் கட்டணம் வராது என்பதைத் தவிர அதனால் அவருக்குக் கிடைக்கும் நன்மை மிகச் சொற்பம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் நீளும் என்ற எச்சரிக்கை பில்லிலேயே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. ஆனால் அந்த வரியைப் படிப்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு மாத பில்லில் பாக்கி வைத்துவிட்டால், வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே நின்றுபோகிறது. பாக்கித் தொகைக்கு, பொருளை வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அதற்குப் பிறகு வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும்கூட, பழைய பாக்கி முழுவதும் தீரும்வரை, வாங்கிய நாள் முதலே வட்டி உண்டு. ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதற்கோ முதல் நாளிலிருந்தே வட்டியும், தனியாக ஒரு கட்டணமும் விதிக்கப்படும். இந்த வட்டிக்கு உச்சவரம்பு இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே வரம்பை வைக்க வேண்டியவர் கார்டை வைத்திருப்பவரே.

அடுத்தது ஃபிளாட் வட்டி. இருசக்கர வாகனம், பழைய கார், வீட்டு உபயோகப் பொருள் ஆகியவற்றுக்கான கடன்களில் இதுதான் அதிகம் புழங்குகிறது. ஒரு லட்சம் ரூபாய், 24 மாதம், ஃபிளாட்டாக 12 சதவீதம். கேட்பவர் மனத்துக்குள் ‘ஒரு வட்டிதானே’ என்று நிம்மதி அடைகிறார். கணக்கு இப்படிப் போடப்படுகிறது: ஆண்டுக்கு 12,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு 24,000 ரூபாய் வட்டி; அசலோடு சேர்த்து 1,24,000; அதை 24-ஆல் வகுத்தால் மாதத் தவணை 5,167 ரூபாய். தவறு எங்கே இருக்கிறது என்றால், மாதந்தோறும் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம்வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி வாங்கப்படுகிறது. பன்னிரண்டு மாதம் முடியும்போது அசலில் ஏறக்குறைய பாதியைத் திருப்பித் தந்திருப்பீர்கள். திருப்பித் தந்துவிட்ட பணத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறையும் நிலுவைமீது மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் இந்தக் கடனின் உண்மையான விலை ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம். ஒரு வட்டி என்று வாங்கியது 1.8 வட்டி.

கதை அதோடு முடிவதில்லை. ‘ப்ராசஸிங் ஃபீ’ என்று 2,000 ரூபாயும், அதற்கு 360 ரூபாய் ஜி.எஸ்.டி.யும் முதலிலேயே பிடித்துக்கொள்ளப்பட்டு, கைக்கு 97,640 ரூபாய்தான் வருகிறது என்று வையுங்கள். அதே தவணையை அந்தச் சிறிய தொகைக்குப் பொருத்திப் பார்த்தால் ஆண்டுக்கு 24 சதவீதம் வந்து நிற்கும். இப்போது அது முழுமையான இரண்டு வட்டிக் கடன். ஒரு வட்டி என்று வாயால் சொல்லிவிட்டு இரண்டு வட்டி வசூலிக்கும் வட்டிக்காரரை ஊர் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். அச்சடித்த படிவத்தில் அதே காரியம் நடந்தால் நாம் கையெழுத்துப் போடுகிறோம். இதோடு காப்பீடு ஒன்றையும் கடனில் சேர்த்து எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது வேண்டுமா வேண்டாமா என்று கேட்கப்பட்டதாக என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் சொன்னதில்லை.

இந்த மாற்றுக் கணக்கை யாரும் மனத்தால் போட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குத் தரப்படும் தவணைக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கியத் தகவல் தாள் ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. அதில் ஏ.பி.ஆர். என்று ஓர் எண் இருக்கும். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதே அந்த எண். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் பாட்டியின் அளவுகோல் வந்துவிடும். தாளில் சொல்லப்படாத எந்தக் கட்டணத்தையும் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கவும் முடியாது. கையெழுத்துக்கு முன்பே இந்தத் தாளைக் கேட்டு வாங்கி, வேறொரு நிறுவனத்தின் தாளோடு பக்கத்தில் வைத்து ஏ.பி.ஆர். எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும்; மற்ற விளம்பரங்கள் எதையும் படிக்க வேண்டியதில்லை. கிரெடிட் கார்டு நிலுவைக்கு இந்த ஆணை பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வட்டியில்லாத் தவணை என்று கடைகளில் எழுதி வைத்திருப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. அதன் பிறகு வந்த ஏற்பாட்டில், வட்டிக்குச் சமமான தொகையைக் கடையோ உற்பத்தியாளரோ தள்ளுபடியாகத் தருகிறார். வங்கி வழக்கம்போல வட்டி வாங்கிக்கொள்கிறது. 30,000 ரூபாய் கைபேசியை ஆறு மாதம், மாதம் 5,000 என்று கார்டில் வாங்கினால், உள்ளே ஒளிந்திருக்கும் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்ற கணக்கில் 1,270 ரூபாய் அளவுக்கு இருக்கும். அது தள்ளுபடியில் சரியாகிவிட்டாலும் அதன் மீதான ஜி.எஸ்.டி. சுமார் 229 ரூபாய் உங்களுடையது. தவணைக்கு மாற்றும் கட்டணம் 199 ரூபாய் என்றால் அதுவும், அதற்கான வரியும் உங்களுடையவை. அதே கைபேசியை ரொக்கமாக வாங்கினால் 1,500 ரூபாய் குறைத்துத் தருவேன் என்று கடைக்காரர் சொன்னால், நீங்கள் இழந்த அந்தத் தள்ளுபடியையும் சேர்த்து, வட்டியில்லாக் கடன் ஏறக்குறைய இரண்டு வட்டிக் கடனாகிவிடுகிறது. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “ரொக்கம் கொடுத்தா எவ்வளவுக்குத் தருவீங்க?” என்பதுதான்.

இதே அளவுகோலைத் தண்டலுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். 10,000 ரூபாய் என்று எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பது வழக்கமான ஏற்பாடு. நூற்றுக்குப் பத்து என்று மேலோட்டமாகத் தெரியும் இது, நிலுவை நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், மாதத்துக்கு ஆறரை வட்டிக்குக் குறையாது. ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டிவிடும். இருந்தும் அதிகாலையில் சந்தைக்குப் போய்க் காய்கறி எடுத்து மாலைக்குள் விற்றுவிடும் ஒரு பெண்மணியை, ஏன் தண்டலுக்குப் போகிறாய் என்று மேடையில் நின்று கேட்பது எனக்கு உவப்பில்லாத காரியம். அவருக்கு வருமானம் நாள்தோறும் வருகிறது, தண்டல்காரர் நாள்தோறும் கடைக்கே வந்து வாங்கிக்கொள்கிறார், சம்பளச் சான்றிதழ் கேட்பதில்லை. வங்கிகள் அந்த வசதியைத் தராதவரை ஆறரை வட்டி வசூலாகிக்கொண்டுதான் இருக்கும். அளவுக்கு மீறிய வட்டி வசூலைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருப்பதை மட்டும் அவருக்குத் தெரிவிக்கலாம், குறிப்பாகப் பணம் கேட்டு மிரட்டல் வரும்போது.

மறுமுனையில் நகைக் கடன் இருக்கிறது. நம் குடும்பங்களில் பலர் இதை அவமானமாக நினைத்து ஒளிக்கிறார்கள். ஆனால் வட்டியைப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மலிவான கடன்களில் இது ஒன்று. பொதுத்துறை வங்கியில் ஆண்டுக்கு 9 சதவீதத்தையொட்டிக் கிடைத்தால் அது முக்கால் வட்டி. தனியார் நிதி நிறுவனங்களில் திட்டத்தைப் பொறுத்து அது இரண்டு வட்டிவரை ஏறக்கூடும் என்பதால் அங்கேயும் எண்ணைக் கேட்டே வைக்க வேண்டும். கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் பாக்கி வைத்திருப்பவர் வரியோடு மாதம் 4,130 ரூபாய் வட்டி கட்டுகிறார். பீரோவில் இருக்கும் நகையை முக்கால் வட்டிக்கு வைத்து அந்தப் பாக்கியை அடைத்தால் மாத வட்டி 750 ரூபாயாகக் குறைந்துவிடும். இதைச் சொன்னால், “நகையை வெச்சா ஊர் என்ன சொல்லும்?” என்பார்கள். கார்டு வட்டியை ஊர் பார்ப்பதில்லை என்பதுதான் அவர்களுக்கு இருக்கும் ஒரே ஆறுதல். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அடைத்த கார்டை மறுபடி தேய்க்கத் தொடங்கினால் முடிவில் நகையும் அடகில் இருக்கும், பாக்கியும் பழைய இடத்துக்கே வந்திருக்கும்.

நகைக் கடனுக்கே உரிய பொறி, ஆண்டுக்கொருமுறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பது. தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போகும்போது அதே வளையலுக்கு அடுத்த ஆண்டு கூடுதல் பணம் கிடைக்கிறது. அந்தக் கூடுதலிலேயே பழைய வட்டியைக் கட்டி, மிச்சத்தையும் செலவழித்துவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அசல் குறையாத கடன் அது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய நெறிமுறைகள், 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டியவை, இரண்டரை லட்சம் ரூபாய்வரையான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம்வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஓராண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனில் அந்த ஆண்டின் வட்டியையும் இந்த வரம்புக்குள் அடக்க வேண்டும். 85 சதவீதம் தருகிறார்கள் என்பதற்காக 85-ஐயும் வாங்க வேண்டியதில்லை. விலை இறங்கினால் ஏல அறிவிப்பு முதலில் வருவது விளிம்புவரை வாங்கியவருக்குத்தான். ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைக்கும் தொகை நகையை அடகு வைத்தவருக்கே உரியது என்பதைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக் கடனில் வட்டி குறைவு, காலம்தான் பெரிது. 25 லட்சம் ரூபாய், 9 சதவீதம், 20 ஆண்டு என்றால் தவணை 22,493 ரூபாய். முதல் தவணையில் 18,750 ரூபாய் வட்டி, அசலுக்குப் போவது 3,743 மட்டும். ஐந்தாண்டு முடிவில் பதின்மூன்றரை லட்சத்துக்கு அருகில் கட்டியிருப்பீர்கள், ஆனால் நிலுவை இன்னும் 22 லட்சத்துக்கு மேல் இருக்கும். இதில் மோசடி எதுவும் இல்லை. குறையும் நிலுவைக் கணக்கு இப்படித்தான் நடக்கும். ஆகவே போனஸோ சீட்டுப் பணமோ கைக்கு வரும்போது முதல் சில ஆண்டுகளில் அசலில் கட்டுவதற்கு இருக்கும் பலன் பின்னால் கட்டுவதற்கு இல்லை. தனிநபர் பெயரில் இருக்கும், மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வசூலிக்க முடியாது என்பது பல ஆண்டுகளாக இருக்கும் விதி. வட்டி ஏறும்போது வங்கி பெரும்பாலும் தவணையை அப்படியே வைத்துவிட்டுக் காலத்தை நீட்டிவிடும். தவணையை உயர்த்திக் காலத்தைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பையும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி சொன்னது. நாமாகப் போய்க் கேட்டால்தான் அது பெரும்பாலும் கிடைக்கிறது.

கடன் மதிப்பெண்ணைப் பற்றி இப்போது தேவைக்கு மேலேயே பேசப்படுகிறது. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ‘சிபில்’ என்று சொன்னாலும் இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உண்டு. மதிப்பெண் 300 முதல் 900 வரை. உங்கள் சம்பளமோ சேமிப்போ இதில் கணக்கில்லை. வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதே கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் இலவசமாகப் பெறலாம், அதனால் மதிப்பெண் குறையாது. அந்த அறிக்கையில் மதிப்பெண்ணைவிட முக்கியமானது கடன் பட்டியல். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா, முடித்த கடன் முடிந்ததாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்ட முடியாத நிலையில் வங்கி, பாதியைக் கட்டுங்கள் போதும் என்று சொன்னால், அந்தக் கணக்கு ‘குளோஸ்டு’ என்று பதிவாகாமல் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். அடுத்த கடன் கேட்கும்போது அந்தச் சொல் முன்னால் வந்து நிற்கும். நண்பருக்காக ஜாமீன் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் இருக்கும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பை ஜாமீன்தாரர்மீதும் வைக்கிறது. நண்பர் கட்டாவிட்டால் வங்கி முதலில் அவரைத் துரத்திவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பல கடன்கள் இருக்கும்போது எதை முதலில் அடைப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எதிரே மாத வட்டியை எழுதி, மிக உயர்ந்த வட்டியில் தொடங்க வேண்டும். கடன் தொகை சிறியதா பெரியதா என்பது இதில் இரண்டாம்பட்சம். வங்கியில் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு வைப்புத் தொகை வைத்துக்கொண்டு மறுபுறம் 42 சதவீதத்துக்குக் கார்டு பாக்கி வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துப் பாக்கியை அடைத்துவிடுவதே சரி. ஒரே ஒரு விதிவிலக்கை நான் ஒப்புக்கொள்வேன்: அண்ணனிடமோ மாமாவிடமோ வட்டியில்லாமல் வாங்கிய கைமாற்று. கணக்குப்படி அது கடைசியில் வர வேண்டும். உறவு கெடாமல் இருக்க அதை நடுவில் கொண்டுவருவதில் பிழையில்லை.

கடைசித் தவணை கட்டிய பிறகும் சில வேலைகள் மீதி இருக்கின்றன. கடன் பாக்கி இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்க வேண்டும். வாகனமாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயரை நீக்க வேண்டும். வீடாக இருந்தால் அடமானமாகக் கொடுத்த மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அடமானத்துக்கு, கடன் தீர்ந்துவிட்டது என்பதற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், பத்து ஆண்டு கழித்து வீட்டை விற்கப் போகும் பிள்ளைகள் வில்லங்கச் சான்று எடுக்கும்போது, என்றோ கட்டி முடித்த கடன் அதில் அப்படியே இருக்கும்.